குத்துக்கு ஒரு கூட்டம், கூண்டுக்கு ஒரு கூட்டம்

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. பெரிய அக்கா மகன் இந்த ஊரிலேயே செல்போன் கடை வைத்திருக்கிறான். சின்ன அக்கா மகன் அரியலூர். சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்டு முடித்துவிட்டு நேராகப் பஸ் பிடித்து வந்திருந்தான். இருவரும் ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரு தரையில கட்டிப் புரண்டுக்கிட்டுக் கெடக்குறாங்க மாமா. இதப் போயி எப்படித்தான் உக்காந்து பாக்குறானோ!"

"உதைக்கக் கூடாது, புடிக்கக் கூடாது, கீழ விழுந்தா ஒதுங்கி நிக்கணும். அது மட்டும் முழுச் சண்டையா மாமா?"

குத்துச்சண்டையா கூண்டுச் சண்டையா, எது பெரிது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. இரண்டையும் விரும்பிப் பார்க்கிறவன் நான். ஆனால் அவர்கள் வாதாடிய விதத்தைக் கவனித்தேன். குத்துச்சண்டைப் பிரியனான அரியலூர்க்காரன் ஆட்களின் பெயரைச் சொல்லியே பேசினான்: அலி, டைசன், பாக்கியாவ். பெரம்பலூர்க்காரன் பிடிகளின் பெயரைச் சொன்னான். எந்த எடைப்பிரிவில் அடுத்து யார் யாரோடு மோத வேண்டும் என்று வரிசை சொன்னான். கூண்டுச் சண்டை நடத்தும் நிறுவனத்தின் பெயரால் 'யு.எஃப்.சி. பார்த்தேன்' என்றானே தவிர, இன்னாருடைய சண்டையைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு ரசிகர் கூட்டமும் பிரிகிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத் தொடங்கியபோது இன்னொரு டீ சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய குத்துச்சண்டைக்கு அடித்தளம் 1867-ல் இங்கிலாந்தில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள். கையுறை, மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவனுக்குப் பத்து எண்ணும்வரை அவகாசம். ஆண்களின் தொழில்முறை உலகப் பட்டத்துக்கு 12 ரவுண்டு. கூண்டுக்குள் நடக்கும் எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புக் கலையில் குத்து, உதை, முழங்கை, முழங்கால், தூக்கிப் போடுவது, மூட்டை மடக்குவது, கழுத்தை இறுக்குவது எல்லாம் உண்டு. ரவுண்டுக்கு ஐந்து நிமிடம். வழக்கமாக மூன்று ரவுண்டு, பட்டப் போட்டிக்கு ஐந்து. கையுறை நான்கு அவுன்ஸ்தான். குத்துச்சண்டையில் அது எட்டு அல்லது பத்து. விழுந்தவனுக்கு எண்ணும் வழக்கமும் கிடையாது. விழுந்த இடத்திலேயே சண்டை தொடரும்.

அந்தப் பத்து எண்ணிக்கை இருக்கிறதே, அது ரசிகரின் மனதை உருவாக்குகிற விஷயம். 2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டைசன் ஃபியூரியும் டியோன்டே வைல்டரும் மோதினார்கள். கடைசி ரவுண்டில், பன்னிரண்டாவதில், ஃபியூரி மல்லாந்து விழுந்தார். அரங்கம் மொத்தமும் முடிந்தது என்று நினைத்தது. நடுவர் ஒன்பது எண்ணும்போது எழுந்து நின்றார். சண்டை சமனில் முடிந்தது. அந்தப் பத்து விநாடிகளை நேரில் பார்த்த ஒருவன் சாகும்வரை அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வான். குத்துச்சண்டை ரசிகனின் நினைவெல்லாம் விழுந்தவன் எழுந்த கதைகள்தான்.

எம்.எம்.ஏ.யில் அந்த அவகாசம் இல்லை. 2015 டிசம்பர் 12, லாஸ் வேகஸ். பத்து ஆண்டுகள் தோல்வியே காணாத ஜோஸ் ஆல்டோ, கானர் மெக்ரிகரின் ஒரே இடது கைக் குத்தில் சாய்ந்தார். தொடங்கிப் பதின்மூன்றே விநாடி. பயணச்சீட்டு வாங்கி, ஊர் விட்டு ஊர் வந்து உட்கார்ந்தவன் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் எம்.எம்.ஏ. ரசிகன் ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கப் பழகாதவன். எந்த நிலையிலிருந்தும் எதுவும் நடக்கலாம் என்பதே அவன் காத்திருக்கும் சுவை.

இனி ஆளைப் பிடித்துக்கொள்வது ஏன், அமைப்பைப் பிடித்துக்கொள்வது ஏன் என்று பார்ப்போம்.

தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு ஒரே தலைமை கிடையாது. டபிள்யு.பி.ஏ., டபிள்யு.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யு.பி.ஓ. என்று நான்கு பெரிய அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டம், தனித் தரவரிசை. ஒரே எடையில் ஒரே நேரத்தில் நான்கு உலக சாம்பியன்கள் இருக்கலாம். இதற்கு மேல் போட்டி நடத்தும் முதலாளிகள், அவர்களுக்குள் பகை. ஆகவே ரசிகன் எந்தப் பட்டத்தையும் முழுசாக நம்புவதில்லை. தன் ஆளை நம்புகிறான். அந்த ஆள் பெரும்பாலும் அவன் நாட்டான், அவன் ஊரான்.

பிலிப்பைன்ஸில் மேனி பாக்கியாவ் எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். அவர் சண்டை நடக்கிற நேரத்தில் மணிலா வீதிகள் வெறிச்சோடும். அதே மக்கள் 2016-ல் அவரைச் செனட்டர் ஆக்கினார்கள். மெக்ஸிகோக்காரர்களுக்கு மே மாதத் தொடக்கத்திலும் செப்டம்பரில் சுதந்திர தினத்தை ஒட்டியும் பெரிய குத்துச்சண்டை இல்லாவிட்டால் திருவிழாவில் குறை. மான்செஸ்டரின் ரிக்கி ஹாட்டனுக்காக 2007 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆங்கிலேயர்கள் கடல் தாண்டி லாஸ் வேகஸுக்குப் போனார்கள். அரங்குக்குள் இடம் கிடைக்காது என்று தெரிந்தே போனவர்கள் ஏராளம். ஹாட்டன் பத்தாவது ரவுண்டில் அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதரிடம் தோற்றார். தோற்றவரைப் பாடிக்கொண்டேதான் திரும்பினார்கள். 2025 செப்டம்பரில் ஹாட்டன் இறந்த பிறகு மான்செஸ்டர் ஊரே வீதியில் நின்று வழியனுப்பியது. ரசிகனின் அன்பு வெற்றிக் கணக்கில் அடங்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

"நம்ம பக்கத்துல அப்படி இருந்துச்சா மாமா?" என்று கேட்டான் அரியலூர்க்காரன்.

இருந்தது. வடசென்னையில் இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று குத்துச்சண்டைக்காரர்கள் வாத்தியார் வழியாக அணி பிரிந்து நின்றார்கள். ஒரே பரம்பரைக்காரர்கள் தங்களுக்குள் மேடையேறி மோதுவதில்லை. எதிர்ப் பரம்பரையோடுதான் மோதல். குத்துச்சண்டைக்காரர் கித்தேரி முத்துவின் பெயர் இன்றும் அந்தத் தெருக்களில் சொல்லப்படுகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், ஆலைத் தொழிலாளர்களும், மீனவர்களும் சம்பளக் காசில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்த கூட்டம் அது. 2021 ஜூலையில் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோதுதான் நம் மாவட்டங்களில் பலருக்கு இந்த வரலாறே தெரிந்தது. அந்தப் படத்தில் மேடையில் நடப்பதைவிட, மேடையைச் சுற்றி நிற்கிற முகங்களை நான் அதிகம் பார்த்தேன். ஒரு குத்து விழும்போது அது தன் மேல் விழுந்ததாகத் துடிக்கிற முகங்கள்.

இங்கே பரம்பரை ரசிகனுக்கும் மணிலா ரசிகனுக்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. மணிலாக்காரன் பாக்கியாவைப் பிடித்துக்கொண்டான்; பாக்கியாவ் ஓய்ந்தால் அடுத்தவன் வரும்வரை வெறுமைதான். பரம்பரை ரசிகன் வாத்தியாரின் வழியைப் பிடித்துக்கொண்டான். ஆட்டக்காரன் மாறினாலும் பரம்பரை மாறாது. மானமும் கடனும் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். இது பெரிய பலம். இதுவே பெரிய ஆபத்தும்கூட. தோல்வி ஒரு ஆளோடு முடியாமல் தெருவுக்குப் பரவும். பகை கட்சிக்காரர்களின் கைக்குப் போகும். வடசென்னையில் தொழில்முறைச் சண்டை மங்கிப்போனதற்கு மேடைக்கு வெளியே நடந்த அடிதடிகளும் ஒரு காரணம்.

இதே சென்னைக்கு 1980 ஜனவரியில் முகமது அலி வந்தார். அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர். நேரு விளையாட்டரங்கில் அலி, முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். காட்சிப் போட்டிதான், பட்டம் எதுவும் பணயம் இல்லை. ஆனாலும் பெருங்கூட்டம். அலியைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

கூண்டுக் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம். கராத்தேக்காரன், குத்துச்சண்டைக்காரன், மல்யுத்தக்காரன், சுமோக்காரன் எல்லோரையும் ஒரே எண்கோணக் கூண்டுக்குள் விட்டால் எந்தக் கலை வெல்லும்? இதுதான் முதல் யு.எஃப்.சி. வைத்த கேள்வி. வென்றவர் பிரேசிலின் ராய்ஸ் கிரேசி, ஒல்லியான மனிதர். ஒரே இரவில் மூன்று பேரைத் தரைக்குக் கொண்டுபோய்ப் பிடி போட்டு வென்றார். பார்த்தவர்களுக்கு அவர் என்ன செய்தார் என்றே புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பியவர்கள் வீடியோ நாடாவை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள், சிலர் அந்தக் கலையைக் கற்கவே போய்ச் சேர்ந்தார்கள். எம்.எம்.ஏ. ரசிகனின் பிறப்பே கற்றுக்கொள்வதில் இருக்கிறது. குத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். தரையில் ஒருவன் இன்னொருவனின் முழங்கையை எந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறான் என்பது சொல்லிக்கொடுத்தால்தான் புரியும்.

அடுத்து, நிர்வாகம். 2001-ல் சுமார் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யு.எஃப்.சி., 2016-ல் சுமார் 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் இந்த ஒரே நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். நிறுவனமே தரவரிசை வைக்கிறது, ஜோடி சேர்க்கிறது, பட்டம் கொடுக்கிறது. ஆகவே வலியவன் வலியவனோடு மோதியே ஆக வேண்டும். மோதினால் தோல்வியும் வரும். 2021 மே மாதம் லைட்வெயிட் பட்டம் வென்ற சார்ல்ஸ் ஒலிவேரா அதற்கு முன் எட்டு முறை தோற்றவர். ரசிகர்கள் அவரைத் தள்ளிவிடவில்லை. அந்த எட்டையும் சேர்த்தே கொண்டாடினார்கள்.

குத்துச்சண்டையில் தோல்விக் கணக்கில் பூஜ்யம் இருப்பது பெருஞ்செல்வம். மேவெதர் ஐம்பது வெற்றி, தோல்வி இல்லை என்ற கணக்கோடு ஓய்வு பெற்றார். அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்றவே பல பெரிய சண்டைகள் காலம் கடந்து நடந்தன. மேவெதர்-பாக்கியாவ் மோதல் 2015 மே மாதம்தான் நடந்தது. ரசிகர்கள் அதைக் கேட்டுக் கேட்டு ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் கூண்டு ரசிகன் கொடுத்துவைத்தவன் என்றே நான் சொல்வேன்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொன்னால் இருவருக்கும் சட்டென்று பிடிபட்டது. அன்னமங்கலத்திலோ கோக்குடியிலோ ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிறோம். வாடிவாசலில் காளை வெளியே வருமுன் மைக்கில் காளைக்காரர் பெயரும் ஊரும் சொல்வார்கள். அந்த ஊர்க்காரன் காளை பிடிபடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டு நிற்பான். அவன் குத்துச்சண்டை ரசிகன். அவனுக்குப் பக்கத்திலேயே எந்த ஊர்க்காளை என்று கவலைப்படாமல், மாடுபிடி வீரனின் கை திமிலில் விழுந்த விதம் சரியா, அவன் எத்தனை துள்ளலுக்குத் தாங்கினான் என்று பார்க்கிற ஒருவன் நிற்பான். அவன் கூண்டு ரசிகன். இரண்டு பேரும் இல்லாவிட்டால் களம் களம் ஆகாது.

"அப்ப தரையில கெடக்கும்போது கூச்சல் போடுறது யாரு?" என்றான் பெரம்பலூர்க்காரன், கொஞ்சம் கோபமாகவே. அவனுக்கு அது நிஜமான வருத்தம்.

அமெரிக்க அரங்குகளில் சண்டை தரைக்குப் போய் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் கூச்சல் எழும். எழுந்து நின்று குத்துங்கள் என்பதுதான் அதன் பொருள். ஜப்பானில் 1997 முதல் 2007 வரை நடந்த பிரைட் எனும் எம்.எம்.ஏ. போட்டிகளின் பதிவுகளைப் பார்த்தால் வேறு உலகம். ஆயிரக்கணக்கானோர் கோவிலில் உட்கார்ந்தது போல அமைதி. ஒருவன் எதிராளியின் காலைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு நகர்ந்தால், அந்தச் சின்ன நகர்வுக்கே கைதட்டல். ஜூடோவைப் பள்ளியில் கற்ற சமூகத்தின் கண் அது. எம்.எம்.ஏ.யைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமானால் அந்தப் பழைய பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள்.

அதே ஜப்பானில்தான், யு.எஃப்.சி. கூண்டு வருவதற்கு முன்பே, குத்துச்சண்டைக் கூட்டமும் மல்யுத்தக் கூட்டமும் ஒரே கூரைக்குள் உட்கார்ந்தன. 1976 ஜூன் 26, டோக்கியோவின் புடோக்கான் அரங்கம். முகமது அலியும் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும். பதினைந்து ரவுண்டு. பெரும்பாலான நேரம் இனோக்கி தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டே இருந்தார். அலி பதினைந்து ரவுண்டுக்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய குத்துகளே விட்டார். சமன் என்று அறிவித்ததும் கூட்டம் குப்பையை எறிந்து காசைத் திருப்பிக் கேட்டது. அலியின் கால்கள் வீங்கி, இரத்தக்கட்டோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. குத்துச்சண்டை ரசிகனுக்கு அங்கே குத்து இல்லை. மல்யுத்த ரசிகனுக்குப் பிடி இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான விதி இல்லாத இடத்தில் ரசனையும் இல்லை. 2017 ஆகஸ்டில் மேவெதரும் மெக்ரிகரும் முழுக்கக் குத்துச்சண்டை விதிப்படி மோதியபோது மெக்ரிகர் பத்தாவது ரவுண்டில் தோற்றார். அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் காசு கட்டிப் பார்த்தன. ஆனால் அதைச் சண்டைக்காக மீண்டும் போட்டுப் பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது என் மனதை உறுத்துகிற விஷயம். ஆளைப் பிடித்துக்கொண்ட ரசிகன் அந்த ஆளின் கூலிக்காகவும் பேசுவான். அமைப்பைப் பிடித்துக்கொண்டவன் பல நேரம் முதலாளி பக்கம் நின்றுவிடுகிறான். அமெரிக்காவில் 2000-ல் முகமது அலி பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. போட்டி நடத்துபவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைக் குத்துச்சண்டை வீரருக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று சொல்வது அது. எம்.எம்.ஏ. வீரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு நீளவில்லை. யு.எஃப்.சி. வருமானத்தில் வீரர்களுக்குப் போனது சுமார் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு என்பதுதான் முன்னாள் வீரர்கள் தொடுத்த ஒரு வழக்கில் பேசப்பட்டது. அந்த வழக்கில் 37.5 கோடி டாலர் சமரசத்துக்கு 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. சம்பளம் போதவில்லை என்று ஒரு வீரர் வாய் திறந்தால், 'ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாய் அல்லவா' என்று அவரையே ஏசுகிற ரசிகர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மூளையில் அடி வாங்கிப் பிழைக்கிற மனிதனிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

குத்துச்சண்டை ரசிகன் மட்டும் சுத்தம் என்று சொல்ல முடியாது. தன் ஆள் தோற்றால் நடுவர் திருடன். சில நேரம் அதில் உண்மையும் உண்டு: 2017 செப்டம்பரில் கனேலோ-கோலோவ்கின் சண்டையில் ஒரு நடுவர் 118-110 என்று கனேலோவுக்குப் போட்ட புள்ளியை இன்றுவரை யாரும் ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் நடுவரையே கைகாட்டுவது ரசனை ஆகாது. இரண்டு விளையாட்டிலும் ரவுண்டை வென்றவருக்குப் பத்துப் புள்ளி, தோற்றவருக்கு ஒன்பது அல்லது அதற்கும் கீழ். ஒரு தாளும் பேனாவும் எடுத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, ரவுண்டு ரவுண்டாக நீங்களே புள்ளி போட்டுப் பாருங்கள். நடுவர் வேலை எவ்வளவு கடினம் என்று மூன்றாவது ரவுண்டிலேயே தெரிந்துவிடும்.

நம்மவர்கள் கூண்டுக்குள் போயிருக்கிறார்களா என்று கேட்டான் அரியலூர்க்காரன். அவன் இதற்குள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தான். மலேசியத் தமிழர் அகிலன் தாணி 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் எனும் எம்.எம்.ஏ. அமைப்பின் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரெனை எதிர்த்து நின்றார். முதல் ரவுண்டிலேயே தோற்றார். ஒரு காலத்தில் அளவுக்கு மீறிய உடல் எடையோடு பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தவர், உலகப் பட்டத்தின் வாசல்வரை வந்தார். உத்தரப்பிரதேசத்தின் பூஜா தோமர் 2024 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் வென்று, யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 'இறுதிச்சுற்று' படத்தில் வடசென்னைக் குத்துச்சண்டைப் பெண்ணாக வந்து நம்மை அழவைத்த ரித்திகா சிங், நிஜத்தில் கிக்பாக்ஸிங்கிலும் எம்.எம்.ஏ.யிலும் களம் கண்டவர். இதைச் சொன்னதும் பெரம்பலூர்க்காரன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு நடப்பது நமக்கு ஞாயிறு காலை டீ நேரத்தில் கிடைக்கிறது. கிடைக்கட்டும், பாருங்கள். குத்துச்சண்டை மட்டுமே பார்த்தவர்கள் பூஜா தோமரின் அந்த மூன்று ரவுண்டைப் பாருங்கள். கூண்டு மட்டுமே பார்த்தவர்கள் 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய பதினான்கு ரவுண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள். ஆனால் உங்கள் தெருவில் ஒரு பிள்ளை கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறதா, சிலம்பமோ மல்யுத்தமோ குத்துச்சண்டையோ எதுவானாலும் சரி, அந்தப் பிள்ளையின் மாவட்டப் போட்டிக்கு நீங்கள் நேரில் போய் உட்கார வேண்டும். அங்கே பெரும்பாலும் பெற்றவர்களும் வாத்தியாரும் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த போட்டிக்கு நீங்களும் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.